கயிற்றின் கீழ்முனை

பதினான்கு வருடங்களாக ஐம்பது மீட்டர் மரங்களில் ஏறி இறங்கியவன், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் தன் வீட்டுக் குளியலறையில் பல்பு மாற்ற முக்காலி மேல் ஏறி விழுந்தான். முக்காலியின் உயரம் ஒன்றரை அடி. வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு இடத்தில் உடைந்தது.

ஊரில் அவனை அணில் என்றுதான் கூப்பிடுவார்கள். மழைக்காட்டு மரங்களின் உச்சிக்கு ஏறி, விதைகளைப் பறித்து, நாற்றங்காலுக்குக் கொண்டுவந்து கொடுப்பது அவன் வேலை. அவன் மேலே இருக்கும்வரை கீழே நின்று கயிறு பிடிப்பது அவன் மனைவியின் வேலை. அதனால் அவளுக்குக் கயிற்றக்கா என்று பெயர் விழுந்துவிட்டது. அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில், தள்ளுவண்டிக் கட்டிலில் படுத்தபடி அவன் அவள் கையைப் பிடித்து இழுத்தான்.

"டாக்டர் கேட்டா மரத்துல இருந்து விழுந்துட்டேன்னு சொல்லு."

"எதுக்கு?"

"முக்காலின்னு சொன்னா ஊரே சிரிக்கும்."

"நல்லா இருக்கே! மரத்துல இருந்து விழுந்தாருன்னு சொன்னா, கயிறு பிடிச்சவ எங்க போனான்னு என்னைக் கேப்பாங்க. ஒழுங்கா முக்காலின்னே சொல்லுங்க."

முக்காலி என்றே சொன்னார்கள். எலும்பு டாக்டர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டிருந்த நர்ஸ்தான் குனிந்துகொண்டார். நான்கு மாதம் காலில் பாரம் கொடுக்கக்கூடாது என்று சொல்லிக் கட்டுப் போட்டு அனுப்பினார்கள்.

அவர்கள் வீட்டில் மூன்றாவது ஆள் அவனுடைய தங்கை. ஊருக்குக் குடிநீர் ஏற்றும் நீரேற்று நிலையத்தின் சோதனைக்கூடத்தில் அவளுக்கு வேலை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆற்றுத் தண்ணீரைக் கண்ணாடிக் குப்பியில் எடுத்து, கருவிக்குள் வைத்து, எவ்வளவு கலங்கல் என்று பார்த்து எழுத வேண்டும். அளவு ஒரு கோட்டைத் தாண்டினால் பம்புகளை நிறுத்திவிடுவார்கள். அதற்குமேல் சேறு வந்தால் வடிகட்டும் மணல் அடைத்துக்கொள்ளும். பம்பு நின்றால் மறுநாள் காலை ஊரே குடமும் வாளியுமாகத் தெருவில் நிற்கும்.

முன்பெல்லாம் வருடத்தில் இரண்டு நாள் பம்பு அப்படி நிற்கும். இப்போது ஒவ்வொரு பெருமழைக்கும் நின்றது. காரணம் எல்லோருக்கும் தெரியும். ஆற்றின் மேற்பகுதியில் இரண்டு மலைச்சரிவுகளைத் தோட்டம் போடுகிறோம் என்று யாரோ மொட்டையடித்தார்கள். தோட்டம் நொடித்துப்போக, அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். பெய்த மழையை உறிஞ்சிவைத்து நிதானமாக விட ஒரு மரம்கூட அங்கே இல்லை. மழை பெய்த வேகத்தில் மண்ணையும் வாரிக்கொண்டு ஆற்றில் இறங்கியது.

அந்தச் சரிவுகளில் பழைய காட்டையே திரும்ப வளர்ப்பது என்று ஊர்க் குடிநீர்க் குழு முடிவு செய்து ஒரு நாற்றங்கால் அமைத்தது. அதைப் பார்த்துக்கொள்ள வந்த அம்மையார் தாவரவியலில் டாக்டர் பட்டம் பெற்றவர். டாக்டர் என்று வாசலில் பலகை மாட்டியதும், முதல் வாரத்திலேயே மூன்று பேர் காய்ச்சலுக்கு மருந்து கேட்டு வந்து நின்றார்கள். அன்றிலிருந்து அவர் டாக்டரம்மா.

கட்டுப் போட்ட ஆறாம் நாள் டாக்டரம்மா வீட்டுக்கு வந்தார். நலம் விசாரிக்கத்தான் வந்திருக்கிறார் என்று கயிற்றக்கா நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை. பையிலிருந்து ஒரு சிறு கிளையை எடுத்துக் கட்டில் மேல் வைத்தார். கிளையில் கோலிக்குண்டு அளவுக் காய்கள். ஒவ்வொன்றின் தலையிலும் முயல் காது மாதிரி இரண்டு சிவந்த இறக்கைகள்.

அணில் நிமிர்ந்து உட்கார்ந்தான். "தூண்மரம்!"

"ஆமா. படகுக்காரர் கொண்டுவந்து கொடுத்தார். ஏழு வருஷம் கழிச்சுக் காய்ச்சிருக்கு. இன்னும் பத்து நாள்ல எல்லாம் கொட்டிடும்."

"எந்த மரம்? வளைவுல நிக்கிறதா?"

"அது ஒண்ணுதானே மிச்சம்."

அந்தக் காட்டின் பெரிய மரம் தூண்மரம். சரிவில் மண்ணை இறுக்கிப் பிடிக்க அதன் வேரைப் போல வேறு கிடையாது என்று டாக்டரம்மா எப்போதும் சொல்வார். ஆனால் நாற்றங்காலில் ஒரு தூண்மரக் கன்றுகூட இல்லை. அதன் விதையைச் சேமித்து வைக்க முடியாது; விழுந்த சில நாட்களில் முளைக்கும், இல்லையென்றால் செத்துப்போகும். மிச்சமிருந்த ஒரே மரம் ஆற்று வளைவில் தண்ணீர் மேல் கிளை நீட்டி நின்றது. காய்களில் பெரும்பகுதி ஆற்றில் விழும். கரையில் விழுவதைப் பன்றிகள் தின்றுவிடும். விதை வேண்டுமென்றால் மேலே ஏறித்தான் பறிக்க வேண்டும்.

"வேற ஆள் கேட்டுப் பாத்தேன்," என்றார் டாக்டரம்மா. "மலைக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் இருக்காராம். மூணு வாரம் ஆகும்னு சொல்றார்."

அணில் தன் காலைப் பார்த்தான். ஏதோ கடன்காரனைப் பார்ப்பது போல.

"நான் ஏறுறேன்," என்றாள் கயிற்றக்கா.

இருவரும் திரும்பினார்கள். அவள் கிளையைக் கையில் எடுத்து ஒரு காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விளையாடுறியா?" என்றான் அணில்.

"நாப்பது வயசுல என்னங்க விளையாட்டு."

அவன் முடியாது என்றான். டாக்டரம்மா போன பிறகும் முடியாது என்றான். சாப்பிடும்போதும் சொன்னான். அதற்குப் பிறகு பேசுவதையே நிறுத்திவிட்டான். மறுநாள் முழுக்க வீட்டில் தங்கை ஒருத்திதான் பேசினாள். "அண்ணா, அண்ணி உப்பு வேணுமான்னு கேக்கறாங்க. அண்ணி, அண்ணன் வேணாம்னு தலையாட்டறாங்க. எனக்கு ஆபீஸ்ல ஒரு வேலை, வீட்ல ஒரு வேலையா?"

சாயங்காலம் கயிற்றக்கா கட்டில் ஓரமாக வந்து உட்கார்ந்தாள்.

"பதினாலு வருஷமா நீங்க போடுற ஒவ்வொரு முடிச்சையும் நான்தான் பாத்து அனுப்புறேன். எனக்குத் தெரியாத முடிச்சு எது? சொல்லுங்க."

"முடிச்சு தெரியும்."

"கவண் வில்லுல கயித்தைக் கிளைக்கு மேல விடுறது யாரு?"

"நீதான்."

"அப்புறம் என்ன?"

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நீ கீழ நிக்கிறேன்னு தெரிஞ்சாதான் எனக்கு மேல கையே ஓடும். அது இல்லாம நான் ஒரு பப்பாளி மரம்கூட ஏற மாட்டேன்."

"அப்போ அதையே எனக்கும் செய்ங்க. கட்டோட வந்து கீழ உக்காருங்க. கைக்கு ஒண்ணும் ஆகலையே?"

டாக்டரம்மா ஒரு நிபந்தனை போட்டார். மூன்று நாள் பயிற்சி. அது தனக்குத் திருப்தியாக இருந்தால்தான் மரம். நீரேற்று நிலையத்தின் தண்ணீர்த் தொட்டிக் கோபுரத்தில் கயிறு கட்டினார்கள். மேலே நழுவும், கீழே நழுவாத இரண்டு கைப்பிடிகளைக் கயிற்றில் மாட்டி, ஒன்று மாற்றி ஒன்றாக நகர்த்தி அவள் ஏறினாள். அணில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, இரும்புப் பிடி வழியாக ஓடும் இரண்டாவது கயிற்றை, அதாவது அவள் உயிரைக் காக்கும் கயிற்றை, கையில் வைத்திருந்தான். பம்பு ஊழியர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். முதல் நாள் பாதியில் இறங்கினாள். இரண்டாம் நாள் உச்சியைத் தொட்டாள். மூன்றாம் நாள் உச்சியிலிருந்து நாத்தனாருக்குக் கையாட்டினாள்.

மறுநாள் காலை படகில் கிளம்பினார்கள். இரண்டு மணி நேரப் பயணம். வளைவில் கரை செங்குத்து. படகுக்காரரும் அவர் மச்சானும் அணிலை நாற்காலியோடு தூக்கி மேலே கொண்டுபோய் வைத்தார்கள்.

"மாப்பிள்ளை ஊர்வலம் கணக்கா இருக்கு," என்றார் படகுக்காரர், மூச்சு வாங்கிக்கொண்டே. "பொண்ணு மட்டும் மரத்துல."

தூண்மரம் பெயருக்கேற்றபடி நின்றது. கிளையே இல்லாமல் முப்பது மீட்டர். அதற்கு மேல்தான் தலை. கயிற்றக்கா இரண்டு ஆள் உயரக் கவண் வில்லில் மெல்லிய நூலை ஏவி, மூன்றாவது தடவையில் அவள் நினைத்த கிளைக்கு மேல் விட்டாள். நூலோடு இரண்டு கயிறுகளையும் கட்டி இழுத்தார்கள். பக்கத்து மரத்தின் அடியில் இரும்புப் பிடியைக் கட்டி, அணிலின் நாற்காலியை அதன் முன்னே போட்டார்கள். இந்த முறை அவன் அவள் முடிச்சுகளைப் பார்த்தான். ஒருமுறை பார்த்தான். பிறகு முதலிலிருந்து இன்னொரு முறை பார்த்தான்.

"விடுங்க, மழை வந்துடும்," என்று சொல்லி அவள் ஏற ஆரம்பித்தாள்.

அவள் கால் தரையைவிட்டு எழும்பிய நொடியில் அணிலைப் பயம் பிடித்துக்கொண்டது. அப்படி ஒன்று அவனுக்கு மரத்தின் மேலே ஒருநாளும் வந்ததில்லை. மேலே இருப்பவனுக்குச் செய்ய வேலை இருக்கும். கை எங்கே, கால் எங்கே, எறும்பு எங்கே என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்; பயப்பட நேரம் இருக்காது. கீழே ஒரே வேலைதான். கயிற்றைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்ப்பது. பத்து நிமிடத்தில் அவனுக்குக் கழுத்து கடுத்தது. அவள் செருப்பின் அடிப்பாகம் சின்னதாகி, இலைகளுக்குள் போய் மறைந்தது. அதற்குப் பிறகு கயிறு மட்டும்தான். கயிறு கொஞ்சம் நகரும், நிற்கும். நிற்கும்போதெல்லாம் அவன் பிடியை இறுக்கினான்.

கையடக்க வயர்லெஸ்ஸை எடுத்தான். "சரியா இருக்கியா?"

"இருக்கேன்."

இரண்டு நிமிடம் கழித்து மறுபடியும். "கண்ணு, இப்போ?"

"இருக்கேங்க."

ஐந்தாவது முறை அவள் குரல் மாறியது. "நான் உங்களை எப்பவாவது இப்படி நச்சரிச்சிருக்கேனா? இது வேலைங்க. பேட்டரி தீந்துடும்."

அவன் வயர்லெஸ்ஸை மடியில் வைத்தான். இல்லை, அவள் ஒருநாளும் நச்சரித்ததில்லை. பதினான்கு வருடத்தில் எத்தனை மரம்? அத்தனை நாளும் இங்கே இப்படித்தான் நின்றாளா? வீட்டுக்குப் போனதும் அவள் கழுத்துக்குத் தைலம் தேய்ப்பதை அவன் பார்த்திருக்கிறான். வேலைக் களைப்பு என்று நினைத்து, ரேடியோவின் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்திருக்கிறான். அவ்வளவுதான் செய்திருக்கிறான். பக்கத்தில் படகுக்காரர் ஏதோ கேட்டார். அணிலுக்குக் காதில் விழவில்லை.

மேலே கயிற்றக்கா கிளைக் கவட்டில் உட்கார்ந்து, இடுப்புக் கயிற்றை மரத்தோடு இறுக்கிக் கட்டிக்கொண்டாள். இலைகளை விலக்கிப் பார்த்தாள்.

காடு அவள் காலுக்குக் கீழே இருந்தது. கீழிருந்து பார்த்தால் பச்சை இருட்டாகத் தெரிவது, இங்கிருந்து பார்க்க வெயிலில் விரித்துப் போட்டது போல இருந்தது. மரத்தலைகளிலிருந்து ஆவி மெல்ல எழும்பி, சற்று உயரத்திலேயே மேகமாகக் கூடிக்கொண்டிருந்தது. மழை எங்கிருந்தோ வருகிறது என்று நினைத்திருந்தவளுக்கு, இந்தக் காடே அதை ஊதி அனுப்புவதைப் பார்க்கப் பார்க்க மனசு நிறைந்தது. ஆறு ஒரே நீளமாகத் தெரிந்தது. மொட்டைச் சரிவுகளும் தெரிந்தன. சிவந்த புண் மாதிரி இரண்டு. அவற்றின் அடியிலிருந்து ஒரு ஓடை, காவி நிறத்தில் வந்து ஆற்றில் சேர்ந்தது. சேர்ந்த இடத்திலிருந்து ஆற்றின் ஒரு பாதி காவி, மறுபாதி பச்சை. வெகுதூரம் அப்படியே ஒட்டாமல் போய், பிறகு எல்லாம் காவியானது. அந்தக் காவியைத்தான் அவர்கள் வீட்டுக் குழாயில் பிடித்துக் காய்ச்சிக் குடிக்கிறார்கள்.

பிறகு நீளக் கொக்கியால் கிளைகளை வளைத்துக் காய்களைப் பறித்துப் பையில் போட ஆரம்பித்தாள்.

முதல் பை பத்திரமாக இறங்கியது. டாக்டரம்மா ஈரத்துணி விரித்துக் காய்களைக் கொட்டி, ஒவ்வொன்றாகப் பார்த்து, கைதட்டாத குறையாகச் சிரித்தார். இரண்டாவது பை வரும்போது காற்று கிளம்பியது. பை சுழன்று ஒரு கிளையில் மோதி, வாய் பிளந்து, அத்தனை காய்களும் இறக்கை விரித்துப் பம்பரமாகச் சுற்றிக்கொண்டு ஆற்றில் இறங்கின. பார்க்க அழகாகத்தான் இருந்தது. யாரும் அழகு என்று சொல்லவில்லை. படகுக்காரர் வலையை எடுத்துக்கொண்டு ஓடுவதற்குள் சுழிப்பு எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

அணில் மடியிலிருந்த வயர்லெஸ்ஸை எடுத்தான்.

"கண்ணு," என்றான். "காத்து வருது. இறங்கிடு."

"ரெண்டு மணி நேரமா பறிச்சதுங்க." அழுகிறாள் என்று தெரிந்தது.

"தெரியும். இறங்கு. நாளைக்குக் காய் இருக்கும். எனக்கு நீ வேணும்."

முதல் துளிகள் விழுந்தன. அவள் கைப்பிடிகளைக் கழற்றிவிட்டுத் தன் பாரம் முழுவதையும் அவன் கயிற்றுக்குக் கொடுத்தாள். அவன் இரும்புப் பிடியைத் தளர்த்தி, கயிற்றை ஒரு சாண், ஒரு சாணாக விட்டான். ஈரக்கயிறு வழுக்கியது. மழை முகத்தில் அடித்தது. துடைக்கக் கை இல்லை. படகுக்காரர் உதவிக்கு வந்தபோது "தொடாதீங்க" என்று கத்திவிட்டான். முப்பது மீட்டரும் அவனே இறக்கினான்.

கால் மண்ணில் பட்டதும் அவள் கொக்கிகளை அவிழ்த்துவிட்டு நேராக அவனிடம் வந்தாள். "வந்துட்டேன். விடுங்க."

அவன் விடவில்லை. விட நினைத்தான், விரல்கள் கேட்கவில்லை. அவள் மண்டியிட்டு, ஒவ்வொரு விரலாகப் பிரித்துக் கயிற்றை எடுத்தாள். அவன் உள்ளங்கை இரண்டும் சிவந்து போயிருந்தன. ஈரப் புடவைத் தலைப்பால் அவற்றைச் சேர்த்து மூடி, தன் மடியில் வைத்துக்கொண்டாள். டாக்டரம்மா காய்களை மூட்டை கட்டுகிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு, வேலைக்குப் போன தங்கை அரக்கப்பரக்கத் திரும்பி வந்தாள். கையில் ஒரு வாளி.

"அண்ணி! இதைப் பாருங்க!"

வாளிக்குள் சருகும் குச்சியும் சேறும். அவற்றுக்கு நடுவே நூற்றுக்கணக்கான சிவப்பு இறக்கைகள். நீரேற்று நிலையத்தில் தண்ணீர் உள்ளே வரும் வாயில் குப்பையைத் தடுக்க ஒரு பெரிய இரும்புச் சல்லடை உண்டு. தினமும் காலையில் அதில் ஒட்டியிருப்பதை வாரி வெளியே கொட்டுவார்கள். நேற்று சிந்திய காய்கள் இரவெல்லாம் மிதந்து வந்து அங்கே போய் நின்றிருந்தன.

"நாலைஞ்சு நாளாவே இது வந்துட்டு இருக்காம் அண்ணி. குப்பைன்னு நினைச்சுக் கொட்டிட்டு இருந்திருக்காங்க. இன்னைக்குத்தான் எனக்குப் பொறி தட்டுச்சு."

கயிற்றக்கா வாளியையும் நாத்தனாரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்போ நேத்து நான் எதுக்குடி உயிரைக் குடுத்து ஏறினேன்?"

கட்டிலில் இருந்து அணில் சிரிக்க ஆரம்பித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கட்டுப்போட்ட கால் குலுங்கி வலிக்கும்வரை சிரித்தான். அவளும் சிரித்தாள்.

டாக்டரம்மா வாளியைப் பார்த்துவிட்டு உண்மையைச் சொன்னார். தானாக உதிர்ந்து மிதந்து வந்தவற்றில் முக்கால்வாசி புழு அரித்த சொத்தைக் காய். மரத்திலேயே பறித்தவைதான் பழுதில்லாதவை. இருந்தாலும் நான்கில் ஒன்று தேறும். மரம் ஏறியது போதும் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. அந்த வாரம் அவள் இன்னும் இரண்டு தடவை ஏறினாள். அதே வாரம் பம்பு ஊழியர்கள் முறை போட்டுச் சல்லடையைக் காவல் காத்தார்கள். சொத்தைக்கும் நல்லதுக்கும் வித்தியாசம் தெரிந்துகொண்டு, டாக்டரம்மாவுக்கே பாடம் நடத்தினார்கள். ஏறிப் பறித்ததும் வாரி எடுத்ததுமாக எழுநூற்றுச் சொச்சம் விதைகள் முளைத்தன.

நான்கு மாதம் கழித்து எலும்பு டாக்டர் அணிலின் கட்டைப் பிரித்து, நடக்க வைத்துப் பார்த்து, இனி வேலைக்குப் போகலாம் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். அதற்குள் கயிற்றக்கா வேறு மூன்று மரங்கள் ஏறியிருந்தாள். அவன் வீட்டுக்கு வந்து, "இன்னும் கொஞ்ச நாள் ஆகுமாம்" என்று சொல்லிவிட்டான். சீட்டை ஒளித்துவைக்க அவனுக்குக் கிடைத்த இடம் கயிற்றுப் பை. ஒளிக்கத் தெரியாதவன், அவள் தினமும் முதலில் திறப்பதே அந்தப் பையைத்தான்.

"இது என்னங்க?" என்று அவள் சீட்டை நீட்டினாள்.

அவன் பிடரியைச் சொறிந்தான். "நீ மேல போயிட்டு வரும்போது உன் முகம் ஒரு மாதிரி இருக்கு. எனக்கு அது பிடிச்சிருக்கு. நான் ஏற ஆரம்பிச்சுட்டா நீ மறுபடியும் கீழ நின்னுடுவே."

அவள் சீட்டை நாலாக மடித்தாள். "மாத்தி மாத்தி ஏறலாம்," என்றாள். "ஆனா மழை மேகம் இருந்தா நான்தான் கயிறு பிடிப்பேன். நீங்க அன்னைக்குக் கத்துன கத்துக்கு அந்தப் படகுக்கார அண்ணன் இன்னும் என்கிட்ட புலம்புறாரு."

அடுத்த மழைக்காலத்தில் கன்றுகள் மொட்டைச் சரிவுக்குப் போயின. ஊரிலிருந்து ஐம்பது அறுபது பேர் வந்திருந்தார்கள். பம்பு ஊழியர்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். அணில் கடப்பாரையால் குழி போட்டான். குனிந்தால் கால் இன்னும் கொஞ்சம் இழுத்தது. கயிற்றக்கா கன்றை வைத்து மண்ணை இரண்டு கையாலும் அழுத்தினாள். கன்று அவள் முழங்கால் உயரம்கூட இல்லை. நடுப்பகலில் மழை பிடித்துக்கொண்டது. யாரும் ஓடவில்லை, ஓடி ஒதுங்க ஒரு மரம் அங்கே இல்லை. தார்ப்பாயைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சரிவெங்கும் செந்நீர் அவர்கள் காலைச் சுற்றி ஓடியது.

தங்கை குனிந்து ஒரு குப்பியில் அதைப் பிடித்தாள். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்தாள்.

"எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டாள் கயிற்றக்கா.

"போன வருஷம் மாதிரியேதான் அண்ணி. சேறுதான்."

"சரி," என்றாள் அவள், கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு. மழை கொஞ்சம் ஓய்ந்திருந்தது. "ஏங்க, அடுத்த குழியைக் கொஞ்சம் மேல தள்ளிப் போடுங்க. இங்க பாறை இருக்கு."